மூன்றாவது வரியில் இருந்த சுண்ணாம்பு

புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஊசியைப் பற்றியவை. எந்த வயதில் எந்தத் தடுப்பூசி, குளிர்ப்பெட்டியில் எத்தனை மணித்தியாலம் தாங்கும், படிவத்தில் எந்தக் கட்டத்தில் ஒப்பமிடுவது. இவற்றுக்கெல்லாம் சுற்றறிக்கை இருக்கிறது, வாசியுங்கள். கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த முப்பத்தொரு வருடமும் நான் அவற்றை வாசித்தேன். சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். கோழியின் காலுக்குக் கீழே என்ன கிடக்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. உமியைப் பற்றிப் பேசி ஒருவரும் பதவி உயர்வு பெற்றதில்லை.

இருந்தும் உமியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போரில் ஷெல் விழுந்த காலத்திலும் வேலைக்குப் போய் வந்தவன் நான். அந்தப் பயத்தை ஊரே பங்குபோட்டுக்கொண்டது. எனக்கென்று தனியாக வந்த பயம் ஒன்று உண்டு. அது ஒரு கோழிக்கூட்டின் முன்னால், பகல் பத்து மணிக்கு, முழங்கால் அளவு ஈரத்தில் வந்தது.

கொடிகாமத்துக்குத் தெற்கே, கடனீரேரியை நோக்கிப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருபத்திரண்டு வீடுகளுக்கு ஒரு திட்டத்தில் முட்டைக்கோழி கொடுத்தோம். கூடு கட்டுவது எப்படி, கோழியின் காலடிக்கு எதைக் கூளமாகப் போடுவது என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

கூளம் தெரிவுசெய்வது பெரிய வித்தையல்ல. ஈரத்தை உறிஞ்ச வேண்டும், பிறகு உலர வேண்டும், கோழி அதைத் தின்று சாகக் கூடாது. உமி மில்லில் கிடைக்கும், மாரியில் மில்காரர் அதையும் நனையவிட்டே தருவார். தும்புத்தூள் நன்றாக உறிஞ்சும், உறிஞ்சியதை விடாது. வைக்கோலை நறுக்காமல் போட்டால் பாய் மாதிரி ஒட்டிக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். மரத்தூள் நல்லது, ஆனால் அது என்ன மரம், அதற்கு என்ன மருந்து அடித்தது என்று மரக்காலைக்காரருக்கே தெரியாது. வலிகாமத்தில் ஒருவர் பேன் பிடிக்காதென்று காய்ந்த புகையிலைக் காம்பை நறுக்கிப் பரப்பியிருந்தார். பேன் பிடிக்கவில்லை. இரண்டு நாளில் பிடிப்பதற்குக் கோழியும் இருக்கவில்லை.

இதையெல்லாம் யோசித்து ஏழு வரியில் ஓர் அட்டை எழுதினேன். முதல் இரண்டு வரியும் உமியின் உயரம், அதைக் கிளறும் முறை. மூன்றாவது வரி: கூளம் ஈரமானால் நீற்றிய சுண்ணாம்பு தூவவும். நான்காவது வரி: மழைக்காலத்தில் கூட்டை நாற்புறமும் தறப்பாளால் மூடவும். மற்ற மூன்றும் தண்ணீர், தீவனம், பாம்பு.

ஒவ்வொரு வரிக்கும் புத்தகத்தில் ஆதாரம் இருந்தது. உலர்ந்த கூளத்தில் அளவாகத் தூவிய சுண்ணாம்பு கெடுதி செய்யாது. மழைச் சாரலுக்குத் தறப்பாள் கட்டுவதும் சரிதான். மூன்றாவது வரியையும் நான்காவது வரியையும் ஒருவர் ஒரே நாளில் செய்தால் என்ன நடக்கும் என்று புத்தகத்தில் இல்லை. நானும் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சுண்ணாம்பில் சந்தேகமே வராது. நாங்கள் நிற்கிற நிலமே சுண்ணாம்புக் கல். கிணற்றுக்குப் போடுகிறோம், தென்னையடியில் பூசுகிறோம், வெள்ளம் வடிந்தபின் மலகூடத்தைச் சுற்றித் தூவுகிறோம். வெள்ளையாகக் கிடந்தால் சுத்தமாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

அட்டையைக் கொடுக்கும்போது ஒரு வசனமும் சொன்னேன். இதன்படி செய்யாதவர்களின் கோழி திருப்பி எடுக்கப்பட்டு வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்படும். அது திட்டத்தின் நிபந்தனைகளில் இருந்தது. ஆனால் நான் சொன்ன குரலில் சொல்லும்படி எந்த நிபந்தனையிலும் இல்லை.

அந்தக் கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை மங்களம் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒழுங்கையின் நடுவீட்டுக்காரி, நாற்பது வயது இருக்கும். புருஷன் தென்னையிலிருந்து விழுந்து முதுகு முறிந்து படுக்கையில் கிடந்தார். கொடிகாமச் சந்தைக்குப் போகும் அவளுடைய முட்டையில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குகின்றன, கண் திறக்கவில்லை, ஏழு செத்துவிட்டன என்று மெதுவாகச் சொன்னாள். ஏதோ தான் திருடியதை ஒப்புக்கொள்வது போலச் சொன்னாள்.

நான் உடனே பயந்துவிட்டேன். அதற்குக் காரணம் என் பையில் இருந்தது. முந்தின கிழமைதான் பறவைக் காய்ச்சல் பற்றிய சுற்றறிக்கை வந்திருந்தது. வெளிநாட்டுப் பறவைகள் கடனீரேரிக்கு வரும் காலம், கவனமாக இருக்கவும். அறிகுறிகள்: இமை வீக்கம், மூச்சுத் திணறல், முட்டை குறைதல், திடீர் இறப்பு. ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்ணீருக்குள் அந்தப் பறவைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. வழியில் நானே பார்த்தேன். மற்ற நாட்களில் வடிவாக இருக்கும் காட்சி.

முகமூடி, கையுறை, முழங்கால் சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு, சுற்றறிக்கை சொன்ன தூரத்தில் நின்று தறப்பாளைத் தடியால் விலக்கிப் பார்த்தேன். மங்களத்தின் கூடு இடுப்பளவு உயரம். உள்ளே கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கூளத்தின்மேல் குவிந்து கிடந்தன. கண்கள் ஒட்டியிருந்தன. ஒன்று எழும்பி, சுவரில் முட்டி, அப்படியே இருந்துவிட்டது. மங்களத்தின் கண்களும் சிவந்திருந்தன. அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பக்கத்து மூன்று வீட்டிலும் அதே கதை. முந்தாநாள் ஒரு வீடு, நேற்று இரண்டு வீடு. பரவுகிறது. சுற்றறிக்கையோடு வந்த படிவத்தை எடுத்து ஒவ்வொரு அறிகுறிக்கும் அடையாளம் போட்டேன். எல்லாக் கட்டமும் நிரம்பியது. ஒரு படிவம் அவ்வளவு ஒழுங்காக நிரம்பினால் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். வயதில் என் மகளைவிட இளையவர், நிதானமான பெண். வீதியை வெள்ளம் மூடியதால் அவரால் அன்று வர முடியாது. நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஐயா, நீங்கள் பாத்தனீங்கள், நான் பாக்கேல்லை. அதுதான் எண்டு நீங்கள் சொன்னால் இப்பவே மேல அறிவிக்கிறன். அறிவிச்சால் பிறகு அந்த ஒழுங்கையிலை ஒரு கோழியும் மிஞ்சாது. யோசிச்சுப்போட்டுத் திருப்பி எடுங்கோ."

யோசிக்கத்தான் நேரம் இல்லை. எதிர்வீட்டுத் தயாபரன், தச்சன், தன் கோழிகளைக் காலைக் கட்டி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய கோழிகளில் இரண்டு மூன்றுக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

"தொத்து வருத்தமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ சேர்," என்றான். "நீங்கள் சொல்லி முடிக்க முதல் நான் கொடிகாமம் போயிடுவன்."

"சொல்லாட்டில் போகமாட்டியோ?"

"சொல்லாட்டில் அவசரமில்லாமல் ஆறுதலாப் போவன்."

வாசல் படலைகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நிலைமையை எண்ணிப் பாருங்கள். நான் ஓம் என்றால் இருபத்திரண்டு வீட்டுக் கோழிகளும் கொன்று புதைக்கப்படும். மங்களத்தின் வீட்டில் அடுத்த கிழமை அடுப்பு எரியாது. இல்லை என்று சொல்லி, அது உண்மையில் அந்த நோயாக இருந்தால், தயாபரனின் ஓட்டோ அதைச் சந்தைக்குக் கொண்டு போகும். அங்கிருந்து எந்தெந்த வீட்டுக் குசினிக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், படிவம் நிரம்பியிருந்ததால் ஓம் என்று சொல்லிவிடத்தான் மனம் ஓடியது. படிவப்படி நடந்தவனை ஒருவரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

அப்போது மங்களம் ஒன்று சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் தயாபரனிடம் சொன்னாள்.

"மேல ஏறிப் படுக்கிற ஊர்க்கோழி மூண்டுக்கும் ஒண்டுமில்லை, தயா. கீழ கிடக்கிறதுகள்தான் போகுதுகள்."

தயாபரன் அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். திட்டத்துக் கோழிகள் கனமானவை, கூளத்திலேயே படுப்பவை. அவளிடம் முன்பே இருந்த ஊர்க்கோழிகள் மூன்று, கூட்டின் குறுக்குத் தடியில் ஏறிப் படுப்பவை. ஒரே தண்ணீர், ஒரே தீவனம், ஒரே காற்று என்றுதான் நினைத்திருந்தேன். தொற்று நோய் யார் மேலே, யார் கீழே என்று பார்த்துப் பிடிக்குமா?

சுற்றறிக்கையில் கிட்டப் போகக் கூடாது என்று இருந்தது. நான் போனேன். தறப்பாளைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு குந்தினேன், கோழி இருக்கும் உயரத்துக்கு. இரண்டு மூச்சுகூட எடுத்திருக்க மாட்டேன். கண்ணுக்குள் மிளகாய் தேய்த்தது போல இருந்தது. முகமூடியையும் தாண்டி அந்த நெடி தொண்டையில் இறங்கியது. பழைய மலகூடத்தின் நெடி. பின்னால் விழுந்து, சேற்றில் கை ஊன்றித்தான் எழும்பினேன். முப்பது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கூடுகளைப் பார்வையிட்டவன். நின்றுகொண்டு.

மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கை கூளத்தை அள்ளி வெளியே கொண்டுவந்து நசுக்கினேன். தண்ணீர் சொட்டியது. பிழிந்தபின் மண்ணுருண்டை மாதிரி நின்றது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"ஆர் இதுக்குச் சுண்ணாம்பு போட்டது?"

ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்ற தயாபரன்தான் பேசினான். "எல்லாரும்தான் சேர். உங்கடை அட்டை எல்லா வீட்டிலையும் தொங்குது."

மங்களம் உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தாள். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்திருக்கிறாள், மூலையில் சந்தனம் பட்டிருந்தது. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நான் கிழிக்கேல்லை சேர். மழை பட்டுத்தான் மூலை கிழிஞ்சது."

மூன்றாவது வரியை வாசித்தேன். என் எழுத்து. சாரலில் உமி நனைந்திருக்கிறது, சுண்ணாம்பு தூவியிருக்கிறாள். ஈரம் போகவில்லை, அடுத்த நாளும் தூவியிருக்கிறாள். எச்சமும் ஈரமும் சுண்ணாம்பும் சேர்ந்து கிளப்பிய அந்த நஞ்சுக் காற்று வெளியே போக, நான்காவது வரி வழிவிடவில்லை. கனமழைக்கு மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக அதையே செய்திருக்கின்றன. வீட்டுக்கு வீடு பரவியது என் அட்டைதான்.

"கண் எப்ப தொடக்கம் எரியுது?" என்று கேட்டேன். முட்டை எடுக்க அவளும் ஒருநாளில் இரண்டு தரம் அந்தக் கூட்டுக்குள் குனிகிறவள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"முதல்நாள் போட்ட உடனையே எரிஞ்சது."

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "செய்யாட்டில் கோழியைத் திருப்பி எடுப்பம் எண்டனீங்கள்."

இதற்குப் பிறகு பயம் போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை, இரண்டாகியது. சுண்ணாம்பும் இருக்கலாம், நோயும் இருக்கலாம், ஒன்று இருப்பதால் மற்றது இல்லையென்று ஆகாது. என் பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பெரிய ஆபத்தைக் கைவிடுகிறேனா? அல்லது என் பிழையை மறைக்க நோய் என்று சொல்லிவிடச் சபலப்படுகிறேனா? அந்தச் சபலம் இருந்தது. கோழிகளைப் புதைத்துவிட்டால் அட்டையும் அவற்றோடு போய்விடும். அரை நிமிடமாவது அதை யோசித்தேன்.

வைத்தியருக்கு மறுபடி தொலைபேசி எடுத்து, கூளம், சுண்ணாம்பு, தறப்பாள், அட்டை எழுதியது யார் என்பது வரை சொன்னேன். எவ்வளவு நிச்சயம் என்று கேட்டார். பாதிக்குக் கொஞ்சம் மேலே என்றேன். நாளைக் காலை மாதிரி எடுக்க எப்படியாவது வருவதாகவும், அதுவரை மேலே அறிவிக்கப் போவதில்லை என்றும் சொன்னார். ஆனால் ஒரு கோழியும் ஒழுங்கையை விட்டு வெளியே போகக் கூடாது.

"நீங்களும் போகக்கூடாது, ஐயா," என்றார்.

தயாபரனை மறிப்பதுதான் கடினமாக இருந்தது. அதிகாரம் காட்டிப் பார்த்தேன், எடுபடவில்லை. அட்டையைக் காட்டி இது என் பிழை என்றேன். அவன் கோழிகளை இறக்கிவிட்டு, ஓட்டோக்காரனைப் போகச் சொன்னான்.

அடுத்த பிரச்சினை காய்ந்த கூளம். நான்கு நாள் மழைக்குப் பிறகு ஊரில் காய்ந்தது என்று எதுவும் இல்லை. மில் உமி நனைந்திருந்தது, வைக்கோல் போர் நனைந்திருந்தது. தயாபரனின் பட்டறைக்குள் மரம் சீவும்போது விழும் சுருள் மூட்டை மூட்டையாக இருந்தது. என்ன மரம் என்று கேட்டேன். வேம்பும் பலாவும், மருந்தடித்த பலகை ஒன்றும் தான் தொடுவதில்லை என்றான். முகர்ந்து பார்த்தேன். அதையும் நம்பாமல் மூட்டை மூட்டையாகக் கை விட்டுப் பார்த்தேன்.

"கோழி செத்தால் உங்கடை பேரைச் சொல்லுவன், பிழைச்சால் என்ரை சுருளைச் சொல்லுவன்," என்றான் தயாபரன். நியாயமான பேச்சு.

தறப்பாளின் மேற்பக்கத்தை ஒவ்வொரு கூட்டிலும் ஒரு சாண் இறக்கிக் காற்றுக்கு வழி விட்டோம். நனைந்த கூளத்தை மண்வெட்டியால் வழித்தெடுத்து வளவின் கோடியில் குவித்து மூடினோம். ஈரத் தரையில் சாக்கு விரித்து அதன்மேல் சுருளைப் பரப்பினோம். ஒவ்வொரு கூட்டை முடித்ததும் நான் உள்ளே குந்திப் பார்த்தேன். ஒழுங்கை முழுக்க, படலைக்குப் படலை நின்று, ஓர் அரச உத்தியோகத்தன் கோழிக்கூட்டுக்குள் குந்துவதைப் பார்த்தது. சொன்ன பகிடிகளை இங்கே எழுத முடியாது.

அன்றிரவை முன்பள்ளிக் கட்டடத்தில் கழித்தேன். விடிந்ததும் முதல் வேலையாக மங்களத்தின் கூட்டுக்குப் போனேன். படலையடியில் கால் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அதுவரை பட்ட பயம் முழுவதும் அந்தப் பத்து அடிக்குள் மறுபடி வந்தது. கூட்டைத் திறந்தால் எல்லாம் செத்துக் கிடக்கும், நான் ஒரு நாளை வீணாக்கியிருப்பேன், அந்த ஒரு நாளில் நோய் எங்கே போயிருக்கும்...

மங்களம் எனக்கு முன்பே உள்ளே இருந்தாள். குனிந்தபடி கையில் தீவனம் வைத்து, கண் ஒட்டிய கோழி ஒன்றின் அலகில் தொட்டுக்காட்டிக்கொண்டிருந்தாள். அது கொத்தியது. பசித்த கோழிகள் சத்தம் போடாமல் தின்றுகொண்டிருந்தன.

புதிதாக ஒரு வீட்டிலும் வரவில்லை. மங்களத்துக்கு மொத்தம் பதினொன்று போயின, இரண்டுக்குப் பார்வை திரும்பவில்லை. வைத்தியர் எடுத்த மாதிரிகளில் தொற்று இல்லையென்று சில நாளில் முடிவு வந்தது. இருபத்திரண்டு வீட்டுக்கும் போய் மூன்றாவது வரியை நானே வெட்டினேன். சுண்ணாம்பு வேண்டுமானால் கூளத்தை முழுக்க எடுத்துவிட்டு, வெறுந்தரையில் போட்டு, காயவிட்டு, அதன்மேல் புதுக்கூளம் என்று எழுதினேன். நான்காவது வரியில் "நாற்புறமும்" என்பதை வெட்டினேன். அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதமும் எழுதினேன். அது கோப்பில் சேர்க்கப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை அதை வாசித்த ஒரே ஆள், அதைத் தட்டச்சுச் செய்த பெண்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன கிழமை ஓய்வூதிய விடயமாக உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். சுவரில் புதிய அட்டை தொங்கியது. வர்ணத்தில், கோழிப் படத்தோடு, நல்ல அச்சு. ஏழு வரி. மூன்றாவது வரி பழைய கோப்பிலிருந்து ஓர் எழுத்தும் மாறாமல் எழும்பி வந்திருந்தது. எந்தக் கோப்பு என்று எனக்குத் தெரியும். மேசையில் இருந்தவரிடம் சொன்னேன். பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று மரியாதையாகத் தலையாட்டினார்.

இன்று காலை வானொலியில் தாழமுக்கம், கனமழை என்றார்கள். மங்களத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"புது அட்டை தந்தவையே, பிள்ளை?"

"ஓம் சேர். ஒரு பிள்ளை வந்து தந்திட்டுப் போனவ."

"சுண்ணாம்பு போடேல்லைத்தானே?"

மழைச் சத்தம் கேட்டது. அவள் சத்தம் கேட்கவில்லை.

"மங்களம்?"

"அந்தப் பிள்ளை வந்து கூட்டைப் படமெடுக்கிறவ, சேர். வெள்ளையாத் தெரியவேணுமாம்." பிறகு, மெதுவாக, "கொஞ்சமாத்தான் போட்டனான்."

தறப்பாளைத் திற, கூளத்தை வழி என்று சொன்னேன். ஓம் ஓம் என்றாள். அவள் ஓம் சொல்லும் விதம் எனக்குத் தெரியும். அதே குரலில்தான் அன்று என் அட்டையை வாங்கினாள். இன்று என்னிடம் அட்டையும் இல்லை, படிவமும் இல்லை, திருப்பி எடுக்கும் அதிகாரமும் இல்லை. அவை உங்களிடம் இருக்கின்றன. நான் கொடிகாமம் பஸ் எடுக்கப் போகிறேன். ஒரு ஒழுங்கைக்குத்தான் என் காலில் பலம் இருக்கிறது. மற்ற ஒழுங்கைகளில் எத்தனை வீட்டில் அந்த அட்டை தொங்குகிறது என்பது எனக்குத் தெரியாது. உங்கள் பதிவேட்டில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, படமெடுக்கும் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, இன்றே போங்கள். போய்க் கூட்டுக்குள் குந்துங்கள். கூட்டுக்காரியின் கண் சிவந்திருந்தால், அழுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.